நிர்வாகத் தரப்பில் ஒரு கையெழுத்து

கண்ணைத் திறக்காதீர்கள் ஐயா. திறந்தால் அந்த நர்ஸ் பிள்ளை வந்து கண்ணில் இன்னொரு சொட்டு மருந்து விட்டுவிட்டு, இன்னும் அரை மணி நேரம் உட்காரச் சொல்லிவிடும். எனக்கு இதோடு மூன்று சொட்டு ஆகிவிட்டது. கட்டுப்பாடு இல்லாதவன் என்று நினைக்காதீர்கள். யாரோ "தோழர்" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, திறந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. நீங்கள் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று. ஒரு பெஞ்சில் ஒரு பேச்சாளர் போதும்.

சற்று முன்பு சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் ஒரு டாக்டரம்மா பேசினார்களே, காதில் விழுந்ததா? மாதவிலக்கு நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பது தப்பா என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். தப்பில்லை, இரண்டு பேருக்கும் மனமிருந்து, சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துக்கொண்டால் போதும், வேண்டாம் என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை என்றார்கள். அவ்வளவுதான். யாரோ பாய்ந்துபோய் சேனலை மாற்றிவிட்டார்கள். இப்போது முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா, அந்த அம்மா இன்றைக்குச் சொன்னதை நான் எழுபத்தொன்பதாம் வருஷமே சொன்னேன். அச்சடித்துச் சொன்னேன். எட்டு பாயிண்டாகச் சொன்னேன். என் பெயர் பூவலிங்கம். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினேழு வருஷம் செயலாளர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம், அதற்கு மேல் எல்லாம் துண்டுப்பிரசுரம். பூமி உருண்டை என்பதையே நான் ஒரு துண்டுப்பிரசுரத்தில்தான் படித்தேன். ஆறு தடவை சிறை. போன வருஷம் மாவட்ட மாநாட்டில் ஒரு மலர் போட்டார்கள், நூற்று நாற்பது பக்கம். பந்தல் போட்டவன் பெயர் இருக்கிறது. மைக் செட்காரன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. போகட்டும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான்கு கடிதம் எழுதினேன், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அந்தப் பிரசுரத்தைப் பற்றி.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி. ஆண்கள் தறி ஓட்டுவார்கள், பெண்கள் தார் சுற்றுவார்கள். தார் என்றால் குறுக்கே ஓடுகிற ஊடைநூல் சுற்றிய சின்னக் குச்சி. அது நாடாவுக்குள் போனால்தான் நாடா அங்குமிங்கும் ஓடும், துணி வளரும். தார் இல்லையென்றால் தறி வெறும் இரும்பு. என் மனைவி கோமு எங்கள் தெருவிலேயே கெட்டிக்காரி. அவள் சுற்றிய தாரில் நூல் சிக்கியது என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், அந்த மூன்று நாளும் பெண் நூலைத் தொடக் கூடாது. தொட்டால் தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கிற பாவு நூல் இழை இழையாக அறுந்துபோகும் என்பார்கள். அடுப்பைத் தொடக் கூடாது. புருஷனைத் தொடக் கூடாது. தொட்டால் அவனுக்குக் கண் மங்கிப்போகுமாம். என்னுடைய கண்புரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுவிட்டேன்.

ஆகவே மாதத்தில் மூன்று நாள் கோமு வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிக் கட்டியிருக்கிற சாய்ப்பில் தனியாகப் பாய் விரித்துப் படுப்பாள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள் வீடு. அந்த அம்மாளுக்கும் அநேகமாக அதே தேதி. இரண்டு பேரும் சுவருக்கு மேல் வாரப் பத்திரிகையை மாற்றி மாற்றிப் படிப்பார்கள், தொடர்கதையில் யார் யாரைக் கட்டப்போகிறார்கள் என்று சண்டை போடுவார்கள், மத்தியானம் தூங்குவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும். எவ்வளவு பெரிய கொடுமை! ஒரு மனுஷியை வேலை செய்ய விடாமல், சமைக்க விடாமல், புருஷன் பக்கத்தில் வர விடாமல், மூன்று நாள் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்!

அந்த மூன்று நாளும் நான்தான் உலை வைப்பேன். சோறு, ரசம், அப்பளம். மூன்று நாளும் அதேதான். ஆனால் நான் பிரசுரம் எழுதியதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சிலர் அப்போதே அப்படிப் பேசினார்கள். அவதூறு.

பிரசுரத்துக்கு 'மூன்று நாள் அடிமைத்தனம்' என்று தலைப்பு. சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு நாளில் எழுதி முடித்தேன். முதல் பாயிண்ட், ரத்தம் ரத்தமே. இரண்டாவது, கிணறு. மூன்றாவது, கோயில். இப்படியே போய் ஏழாவது பாயிண்டில், பெண் தொட்டால் பாவு அறாது, அந்த நாளிலும் தார் சுற்றலாம் என்று நிறுவினேன். எட்டாவதுதான் சிகரம். 'பாயைப் பிரிக்காதே! தம்பதியருக்குள் தடை விதிக்க எவருக்கும் உரிமை இல்லை! அந்த நாளிலும் கணவனும் மனைவியும் கூடி வாழலாம்!' மூன்று ஆச்சரியக்குறி. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற சிவனணைஞ்சான் அதைப் படித்துவிட்டு நெளிந்தான்.

"அண்ணாச்சி, எட்டாவது பாயிண்ட..."

"என்னடே? பயமா இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடவா?"

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மக்கள் இலக்கியம் என்று.

ஐயா, நான் அதற்கு முன் விலைவாசி உயர்வைப் பற்றிப் போட்ட பிரசுரத்தில் பொரிகடலை மடித்துத் தந்தார்கள். இது அப்படி இல்லை. ஆயிரம் பிரதி ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. டீக்கடையில் நின்றுகொண்டு படிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் அடுத்தவனைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறான், எட்டாவதை மட்டும் இரண்டு தடவை. அந்த வாரம் தெருமுனைக் கூட்டத்துக்கு நூற்றைம்பது ஆண்கள் வந்தார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் சி.ஐ.டி. நாற்பது வருஷமாக மூடநம்பிக்கையில் கிடந்த ஊர் ஒரே வாரத்தில் பகுத்தறிவு பெற்றுவிட்டது. நான் மேடையிலேயே கண் கலங்கினேன்.

வீடுகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குகிற தறி முதலாளி திரவியம், எனக்கு ஜென்ம விரோதி, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "பூவலிங்கம், உம்ம நோட்டீசைப் படிச்சேன். அந்த ஏழாவது பாயிண்ட் இருக்கே, பிரமாதம்! இன்னும் ஐந்நூறு அடியும்" என்றார். பாருங்கள், வர்க்க எதிரியையே வாதத்தால் வென்றிருக்கிறேன். காபியும் நன்றாக இருந்தது.

இனி வீடு. சொல்கிறவன் முதலில் செய்து காட்ட வேண்டும் அல்லவா? கோமுவுக்கு நாள் வந்தது. நான் இரண்டு தோழர்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் முன்னிலையில், சாய்ப்பில் கிடந்த அவள் பாயைச் சுருட்டி எடுத்து வந்து வீட்டுக்குள் என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். தோழர்கள் கை தட்டினார்கள். கோமு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு சொல்லி?"

"அறிவு சொல்லி."

"அறிவுக்கு இடுப்பு வலிக்குமா?"

தோழர்கள் செருப்பைத் தேடினார்கள். அவர்கள் போன பிறகு நான் பொறுமையாக எட்டு பாயிண்டையும் விளக்கினேன். அவள் எழுந்து தன் பாயை மறுபடி சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் படிச்சேன். தீட்டு இல்லங்கீய. சரி. நான் மட்டும் என்ன, தீட்டுன்னா நெனச்சுக் கெடக்கேன்? மேல் வலிக்கி, படுக்கேன். மாசத்துல மூணு நாளுதான் என்னை ஒருத்தரும் ஏ கோமுன்னு கூப்பிடுததில்ல. அதையும் நோட்டீசு போட்டுப் பிடுங்கிட்டீய."

"பிடுங்கவில்லை, விடுதலை செய்திருக்கிறேன்."

"விடுதலையானவ எங்க படுக்கணும்னு அவதான சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, பாயோடு சாய்ப்புக்குப் போய்விட்டாள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் ஐயா. ஊருக்கே பாயைப் பிரிக்காதே என்று சொன்னவன் வீட்டில் பாய் பிரிந்து கிடக்கிறது. வெளியே தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும்? பதினேழு வருஷம் கட்டிய பெயர். இல்லை, அப்போது ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. எதுவாக இருந்தாலும் பெயர் பெயர்தான். அவள் பிற்போக்குச் சக்திகளிடம் சிக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த மாதிரி சக்தி எங்கள் தெருவில் யார் என்று யோசித்தால், இசக்கியம்மாள் ஒருத்திதான்.

மறு வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணி. நான் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். எல்லாரும் தார் சுற்றுகிறவர்கள். முன்னால் கோமு. கையில் கோடு போட்ட தாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! பெண்கள் சங்கத்துக்கு வருகிறார்கள், திரவியம் தொலைந்தான் என்று எழுந்து நின்று வரவேற்றேன். டீ சொன்னேன்.

"டீ வேண்டாம்" என்றாள் கோமு. "பேச்சுவார்த்தை முடியாம எதிர்த்தரப்பு குடுக்கிற டீயைக் குடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீய."

"எதிர்த்தரப்பா? நானா?"

அவள் தாளை நீட்டினாள். 'பெறுநர்: செயலாளர் அவர்கள்.' என் மாதிரியே எழுதியிருக்கிறாள். மேலே தேதி, இடப்பக்கம் ஓரம் விட்டு, கோரிக்கைகளுக்கு எண் போட்டு. கீழே பன்னிரண்டு கையெழுத்து, அதில் ஐந்து கைநாட்டு.

இசக்கியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு ஒங்க நோட்டீசைச் செவத்துல ஒட்டி வச்சிருக்காரு. முருகன் படத்துக்குப் பக்கத்துல. பொழுது சாஞ்சா அதைக் காட்டுதாரு. நான் தலைவலிங்கேன், அவரு எட்டாவது பாயிண்டுங்காரு. வயித்து வலிங்கேன், தோழரே சொல்லிட்டாருங்காரு. ஒங்கள யாரு எங்க வீட்டுக்குள்ள கூப்பிட்டா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் தீட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மனுஷன் பத்தடி தள்ளிப் போயிருவாரு" என்றாள் இன்னொருத்தி. "அதை நீங்க பொய்யின்னுட்டீய. பொய்தான். இப்ப அதுக்குப் பதிலா நான் என்னத்தச் சொல்ல?"

அந்தக் கூட்டத்தில் முப்பிடாதி என்று ஒரு பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அவள் பின்னால் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இவுக மாதிரி இல்ல அண்ணாச்சி. எனக்கு அந்த நாளுலதான் மனசு... ஆசையா இருக்கும்."

"ஏ ஆத்தி!" என்றாள் இசக்கியம்மாள்.

"நெசமாத்தான் மதினி. ஆனா அவுக கிட்ட வரமாட்டாக. கண்ணு போயிரும்னு பயம். ஒங்க நோட்டீசைக் காட்டுனேன். பூவலிங்கம் அண்ணாச்சி கண்ணாடி போட்டிருக்காரே, பாத்தியாங்காக."

நான் அப்போதே சொன்னேன், அது வாசிக்கிற கண்ணாடி என்று. யார் கேட்கிறார்கள்? முப்பிடாதியின் முதுகில் ஆளுக்கு ஒரு அடி போட்டுச் சிரிக்கிறார்கள். நான் கோமுவிடம், "பார்த்தாயா, உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருத்திக்கு வேண்டாம், ஒருத்திக்கு வேண்டும். இதை வைத்து ஒரு கோரிக்கை எப்படி வைப்பாய்?" என்று மடக்கினேன். முதலாளிகளோடு பேசிப் பேசி எனக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வந்திருந்தது.

"வச்சாச்சு. மூணாவது கோரிக்கையைப் படிங்க" என்றாள்.

படித்தேன். நாலே கோரிக்கை. ஒன்று, அந்த மூன்று நாளும் தார் சுற்றுவதற்கு விடுப்பு. தீட்டு என்று பெயர் வேண்டாம், ஓய்வு என்று இருக்கட்டும். இரண்டு, பாய் எங்கே கிடக்க வேண்டும் என்பதைப் படுக்கிறவள் சொல்வாள். மூன்று, அந்த விஷயத்தில் பெண்ணிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்கக் கூடாது, நோட்டீசை வாசித்துக் காட்டக் கூடாது. வேண்டும் என்றால் பயந்து ஓடக் கூடாது. நான்கு, இதுவரை உலை வைத்தவர்கள் தொடர்ந்து வைக்க வேண்டும். இந்த நான்காவது என் ஒருவனைக் குறிவைத்தே எழுதியது. ஊரில் வேறு எவன் உலை வைத்தான்?

"இது பிற்போக்கு" என்றேன். "ஓய்வு என்று பெயர் மாற்றினால் தீட்டு தீட்டு இல்லாமல் போய்விடுமா? அந்த நாளில் வேலை செய்வது பெண்ணின் உரிமை!"

"அந்த உரிமை வந்த அன்னைக்கே திரவியம் மொதலாளி மூணு நாளு நூலையும் சேத்து எங்க தலையில கட்டிட்டாரு" என்றாள் கோமு. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவுக வீட்டுக் காபி நல்லாருந்துச்சா?"

ஐயா, நான் ஆறு தடவை சிறை போனவன். போலீஸ்காரன் லத்தியைக் காட்டினால் நெஞ்சைக் காட்டுவேன். அந்தக் கேள்விக்கு மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டே, "பரிசீலிக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இது திரவியம் சொல்கிற வார்த்தை.

"ரெண்டு நாளு டயம். இல்லன்னா தார் சுத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். டீ ஆறிப்போயிற்று. பன்னிரண்டு டீ.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படி விட்டுக்கொடுப்பேன்? புதன்கிழமை காலை தார் சுற்றுகிற ராட்டைகள் நின்றன. பன்னிரண்டு பேர் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஊர் முழுக்க நின்றது. கைவசம் இருந்த தார் மத்தியானம் வரை ஓடியது. அப்புறம் ஒவ்வொரு தெருவாகத் தறிச் சத்தம் அடங்கியது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் நின்றால் காது வலிக்கும். நான் ஒன்பது வருஷமாக எவ்வளவோ வேலைநிறுத்தம் நடத்தியிருக்கிறேன், மூன்றில் ஒரு பங்கு தறிக்கு மேல் என்னால் நிறுத்த முடிந்ததில்லை. எவனாவது ஒருத்தன் கதவை மூடிக்கொண்டு ஓட்டுவான். அன்று ஒரு தறி ஓடவில்லை ஐயா. ஒன்றுகூட. சங்கச் செயலாளராக எனக்குப் பெருமையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாத நிலைமை.

வியாழக்கிழமை ஆண்கள் என் வீட்டு வாசலில் கூடினார்கள். அதே நூற்றைம்பது பேர். போன வாரம் கை தட்டியவர்கள்.

"என்னவே பூவலிங்கம், பாயையும் காணும், பாவும் ஓடல. ஒமக்கு என்னதான் வேணும்?"

"தோழர்களே, அமைதி. யாரோ வெளியாள் தூண்டிவிட்டிருக்கிறான்" என்றேன்.

"வெளியாளா? உம்ம வீட்டு ஆளுதானவே!"

இசக்கியம்மாளின் புருஷன், முருகன் பக்கத்தில் என்னை ஒட்டி வைத்திருந்தவர், பிரசுரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தது. "கையெழுத்தப் போட்டுத் தொலையும். அவ என்கூடப் பேசி நாலு நாளாச்சு. அந்த விஷயம் கெடக்கட்டும், பேச்சே இல்ல. வீடு வீடா இல்லவே."

அந்த ஆள் அப்படிச் சொன்னபோது அழுதுவிடுவார் போல இருந்தது. நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். கோமு அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னோடும் அவள் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பாடு வைப்பாள். ஆனால் சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்ததும், இன்றைக்குக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று கேட்பாளே, அது இல்லை. எட்டு வருஷமாகத் தினமும் கேட்டவள். ஊரே என் பேச்சுக்குக் கை தட்டினாலும், அவளிடம் வந்து ஒரு தடவை சொன்னால்தான் பேசிய மாதிரி இருக்கும். நான் அதற்காக இறங்கி வரவில்லை. தொழில் அமைதிக்காக இறங்கி வந்தேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சங்க அலுவலகத்தில் ஒப்பந்தம். ஒரு பக்கம் கோமு, இசக்கியம்மாள், முப்பிடாதி. எதிர்ப்பக்கம் நான் தனியாக. ஒரு நிபந்தனை வைத்தேன். 'அறிவியல் அடிப்படையில் இதில் எந்தத் தடையும் இல்லை' என்று ஒரு வாக்கியம் இருந்தே ஆக வேண்டும் என்றேன்.

"முன்னுரையில வேணும்னா போட்டுக்கிடுங்க" என்றாள் கோமு. "முன்னுரையை யாரும் படிக்கிறதில்ல."

கீழே இரண்டு கட்டம் போட்டிருந்தாள். இடப்பக்கம் 'தொழிலாளர் தரப்பில்'. வலப்பக்கம் 'நிர்வாகத் தரப்பில்'. நான் பேனாவை எடுத்து இடப்பக்கம் கொண்டுபோனேன், பழக்கம். முப்பிடாதி தாளை நகர்த்தி, வலப்பக்கக் கட்டத்தை என் பேனாவுக்கு நேராக வைத்தாள். ஐயா, என் வாழ்க்கையில் எத்தனையோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிர்வாகத் தரப்பில் போட்டது அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு கீழேயிருந்து டீ வரவழைத்துக் குடித்தார்கள், வடையும் கேட்டார்கள்.

தார் விடுப்பு விஷயம் திரவியம் கையில். அதற்கு நானே பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை காபி கொண்டுவந்தார்கள். கோமு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். நல்ல வாசனை. வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார்.

தூங்கிவிட்டீர்களா? இல்லையா? சரி.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததைச் சொல்லவில்லையென்றால் என் பக்கம் நியாயம் இருப்பது தெரியாமல் போய்விடும். அன்று மத்தியானம் மின்வெட்டு. தறி எல்லாம் நின்றிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். கோமுவுக்கு இரண்டாம் நாள். நான் ரசம் வைத்து இறக்கிவிட்டு, சாய்ப்பு வாசலில் நின்று, ஒப்பந்தப்படி முறையாகக் கேட்டேன். போன மாதம் வரைக்கும் அந்த இடத்தில் நான் அறிவியல் பேசியிருக்கிறேன், ஆனால் கேட்டதில்லை. ஆகவே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "மூன்றாவது சரத்தின்படி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சிரித்தாள். பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வேண்டாம் என்று அர்த்தம் போல என்று திரும்பினேன்.

"எங்க போறீய? அந்தக் கதவைச் சாத்துங்க" என்றாள். "பழைய துணி ஒண்ணு எடுத்து விரிங்க. அது அந்தக் கொடியில கெடக்கு."

நான் கதவைச் சாத்திக்கொண்டே, "ஆக, எட்டாவது பாயிண்ட் சரிதான் என்று ஒப்புக்கொள்கிறாய்" என்றேன்.

"வாயையும் சாத்துங்க."

அதன் பிறகு பல வருஷம் கழித்து அவளிடம் கேட்டேன், எந்த வாதம் உன்னை வென்றது, ஒன்றாவதா, ஆறாவதா என்று. எனக்கு வரலாற்றுக்குத் தேவைப்பட்டது. கோமு யோசித்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத் தோணுச்சு" என்றாள். தோன்றியதாம்! ஆயிரம் பிரதி, எட்டு பாயிண்ட், கடைசியில் தோன்றியதாம்! இதைத்தான் சொல்கிறேன், இந்த நாட்டில் உழைத்தவனுக்குப் பெயர் கிடைக்காது.

ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. மாதா மாதம் கேட்டேன். பெரும்பாலும் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்காமல் அப்பளம் பொரிப்பேன். சில மாதம் அவளே சாய்ப்பிலிருந்து, "செயலாளரே, மனு குடுக்கலியா?" என்பாள். இருபத்திரண்டு வருஷம். இந்த இந்தியாவில் ஒப்பந்தத்தை இருபத்திரண்டு வருஷம் மீறாத ஒரு நிர்வாகத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பிறகு அவளுக்கு நின்றுபோய்விட்டது. எல்லாருக்கும் நிற்பதுதான். ஆறேழு மாதம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல இருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"ஏன் இப்பல்லாம் ஒண்ணும் கேக்குததில்ல?"

"எதை?"

"மனு."

நான் சட்டத்தை விளக்கினேன். ஒப்பந்தம் அந்த மூன்று நாளுக்கு மட்டுமே பொருந்தும், அந்த நாட்களே இல்லாமல் போய்விட்டதால் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகிவிட்டது, இனிமேல் கேட்க வேண்டிய கடமை எனக்கு இல்லை என்றேன். கோமு ரசத்தை ஊற்றியபடி காது கொடுத்துக் கேட்டாள்.

"காலாவதி ஆகல" என்றாள். "முப்பது நாளுக்கும் நீட்டிச்சாச்சு."

"யார் நீட்டித்தது? பேச்சுவார்த்தை இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், ஒருதலைப்பட்சமாக நீட்டிக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?"

"ஒரு இடத்துலயும் இல்ல. கேளுங்க."

ஐயா, அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கையெல்லாம் சோறு. கேட்டேன்.